படம் ‘பட்டம்’ ஆனது எப்படி?
விசைப்பலகைக்குள் இருக்கும் இயற்பியல்

கணிப்பொறியின் முன் அமர்ந்து, தமிழ்99 முறையில் ‘படம்’ என்று தட்டுகிறீர்கள். திரையில் ‘பட்டம்’ என்று வருகிறது. ‘பாடு’ என்று தட்டினால் ‘பாட்டு’ வருகிறது. ‘குடை’ என்று தட்டினால் ‘குட்டை’ வருகிறது. விரல் ‘ட’வை ஒரே ஒரு முறைதான் தட்டியது; கணிப்பொறியோ இரண்டு முறை தட்டியதாக எடுத்துக்கொண்டது. தமிழ்99 முறையில் ஒரே எழுத்தை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும் என்பது விதி. அதனால்தான் ‘டட’ என்பது ‘ட்ட’ ஆயிற்று.

எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் இதைப் பிடிக்காது. ‘பட்டம்’ நல்ல தமிழ்ச் சொல்தானே! குற்றம் உங்கள் விரலிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை. ‘ட’ என்று எழுதிய பொத்தானுக்கு அடியில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் உள்ள உலோகத் தகடு ஒன்று துள்ளியதுதான் காரணம்.

அந்தச் சுவிட்சைத் திறந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பலர், பெற்றோரிடம் ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ வேண்டுமென்று கேட்கிறார்கள். தட்டச்சுப் பழக வேண்டும் என்பார் சிலர். கணிப்பொறி விளையாட்டுக்கு என்பார் சிலர். கடைக்குப் போனால் “சிவப்பா, பழுப்பா, நீலமா?” என்று கேட்பார்கள். நிறத்தைப் பார்த்து வாங்குவதற்கு இது சட்டைத் துணி அல்ல. நீங்கள் வகுப்பில் படித்த ஹூக் விதியையும் ‘வேலை’ என்ற பாடத்தையும் வைத்தே இக்கேள்விக்கு விடை சொல்லிவிடலாம்.

ஒரு சொல், இரண்டு பொருள்

முதலில் ஒரு சொல் விளக்கம். இயற்பியலில் ‘விசை’ என்றால் ஒரு பொருளைத் தள்ளுவது அல்லது இழுப்பது. அதை நியூட்டன் என்ற அலகால் அளக்கிறோம். கணிப்பொறித் தமிழிலோ விரலால் தட்டும் பொத்தானையும் ‘விசை’ என்கிறோம். அதனால்தான் ‘விசைப்பலகை’ என்ற பெயர் வந்தது. குழப்பம் வராமலிருக்க, இக்கட்டுரையில் விரல் தட்டுவதைப் ‘பொத்தான்’ என்றும், விரல் கொடுக்கும் தள்ளுதலை மட்டும் ‘விசை’ என்றும் சொல்வோம்.

தட்டச்சுப்பொறியில் நடந்தது என்ன?

தட்டச்சுப்பொறியில் பொத்தானும் எழுத்தும் நெம்புகோல்களால் இணைந்திருந்தன. பொத்தானை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அழுத்தினால், நெம்புகோலின் மறுமுனையில் உள்ள அச்செழுத்து எழும்பி, மை நாடாவின் மேல் மோதித் தாளில் பதியும். மெதுவாகத் தட்டினால் எழுத்து மங்கும். ஓங்கித் தட்டினால் தாளில் பள்ளம் விழும். இரண்டு பொத்தான்களை ஒன்றாகத் தட்டினால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. புள்ளியையும் ‘கி, கீ’ ஆகியவற்றின் கொக்கியையும் எழுத்தின் தலைமேலேயே பதிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா (1886–1960) உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியில் இதற்கு ‘நகரா விசைகள்’ இருந்தன. அவற்றைத் தட்டினால் குறி மட்டும் பதியும். தாள் தாங்கி நகராது. அடுத்து எழுத்தைத் தட்டும்போது அது அதே இடத்தில் விழுந்து, பிறகுதான் தாங்கி நகரும். ஆகவே ‘க்’ என்பதற்கு முதலில் புள்ளி, பின்பு ‘க’.

இந்தியாவில் 1955-இல் தட்டச்சுப்பொறி தயாரிக்கத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009-இல் அதை நிறுத்திவிட்டது. கணிப்பொறி விசைப்பலகையில் நெம்புகோல் இல்லை; மோதும் அச்செழுத்தும் இல்லை. விரலின் வேலை ஒரு மின்சுற்றை மூடுவது மட்டுமே. அப்படியானால் விசை எவ்வளவு, தூரம் எவ்வளவு, ஒலி எவ்வளவு என்பதை எல்லாம் சுவிட்சைச் செய்பவரே விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். இங்கிருந்துதான் சிவப்பு, பழுப்பு, நீலம் எல்லாம் பிறந்தன.

இரப்பர்க் குமிழும் சுருள்வில்லும்

பள்ளிக் கணிப்பொறி அறையில் உள்ள சாதாரண விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நடுத்தாளில், பொத்தானுக்கு நேராக ஓட்டைகள். மேலே ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் இரப்பர்க் குமிழ். பொத்தானை அழுத்தினால் குமிழ் ‘மடக்’கென்று உள்வாங்கி, மேல்தாளைக் கீழ்த்தாளின்மேல் அழுத்தும். சுற்று மூடிவிடும். இதில் எழுத்து பதிய வேண்டுமானால் பொத்தான் கிட்டத்தட்ட அடிவரை போயாக வேண்டும். நாளடைவில் இரப்பர் கெட்டிப்பட்டுப் போனால் சில பொத்தான்கள் கனமாகவும் சில தளர்ந்தும் இருக்கும்.

மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனிச் சுவிட்ச் உண்டு. அதற்குள் மூன்று உறுப்புகள் முக்கியமானவை: மேலும் கீழும் நகரும் பிளாஸ்டிக் தண்டு, அதை மேலே தள்ளும் சுருள்வில், பக்கவாட்டில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். பொத்தான் மேலே இருக்கும்போது தண்டின் ஒரு மேடு, தகடுகளில் ஒன்றைத் தள்ளி விலக்கி வைத்திருக்கும். தண்டு கீழே இறங்கினால் மேடு விலகும். தகடு தன் மீள்தன்மையால் திரும்பி மற்றதைத் தொடும். சுற்று மூடும். இது பாதி வழியிலேயே நடந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். மொத்தம் 4 மி.மீ. இறங்கக்கூடிய தண்டு 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும். அடிவரை இடிக்க வேண்டிய தேவையில்லை.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1983-இல் உருவாக்கிய எம்.எக்ஸ். வகைச் சுவிட்சே இன்று பரவலாக விற்கும் பல சுவிட்சுகளுக்கு முன்மாதிரி. காப்புரிமைக் காலம் முடிந்ததும் வேறு நிறுவனங்களும் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. நிற வழக்கும் தொடர்ந்தது.

ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கணிப்பொறியில் வேறொரு வழி கையாளப்பட்டது. ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைச் செங்குத்தாக மேசைமேல் நிறுத்தி, மேல்முனையைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஓரளவு வரை நேராக நின்று, பிறகு திடீரென்று பக்கவாட்டில் வளையும் அல்லவா? 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணிதமேதை இந்த ‘வளைந்து சரிதலை’ ஆராய்ந்தார். ஐ.பி.எம். பொத்தானுக்குள் இருந்த நீண்ட சுருள்வில் அப்படித்தான் திடீரென்று சரிந்து, அடியிலுள்ள சிறு சுத்தியலைத் தட்டியது. “எழுத்து பதிந்துவிட்டது” என்று விரலுக்கும் காதுக்கும் ஒரே நொடியில் செய்தி கிடைத்தது.

மூன்று நிறங்கள், மூன்று வரைபடங்கள்

பொத்தான் இறங்கும் தூரத்தைக் கிடை அச்சிலும், தேவைப்படும் விசையைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரைபடம் வரைந்தால், சுவிட்சின் குணம் முழுவதும் அதில் தெரிந்துவிடும்.

சிவப்பு: வரைபடம் நேர்க்கோடு. தூரம் கூடக் கூட விசையும் ஒரே சீராகக் கூடும். ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி அப்படியே கண்ணுக்குத் தெரியும். இதனை நேர்க்கோட்டுச் சுவிட்ச் எனலாம். எழுத்து பதியத் தேவையான விசை 45 சென்டிநியூட்டன். தூரம் 2 மி.மீ.

பழுப்பு: வரைபடத்தில் நடுவே ஒரு சிறு மேடு. தண்டில் உள்ள புடைப்பு உலோகத் தகட்டின்மேல் ஏறி இறங்குவதால் விரலுக்கு ஒரு ‘தடுக்கல்’ தெரியும். விசை 55 சென்டிநியூட்டன். தூரம் 2 மி.மீ.

நீலம்: மேடு இன்னும் கூர்மை. தண்டு இரண்டு துண்டாக இருக்கும். மேட்டைத் தாண்டியதும் ஒரு துண்டு விடுபட்டுக் கீழே தாவி ‘டிக்’ என்று ஒலிக்கும். விசை 60 சென்டிநியூட்டன், தூரம் 2.2 மி.மீ.

இவை செர்ரி நிறுவனச் சுவிட்சுகளின் அளவுகள். பிற நிறுவனங்களின் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய இப்படியே இருந்தாலும் எண்கள் மாறும். ஆகவே நிறத்தைக் கேட்காதீர்கள். விசை எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். 1 சென்டிநியூட்டன் என்பது நியூட்டனில் நூறில் ஒரு பங்கு. ஒரு கிராம் எடைக்கல் கீழ்நோக்கித் தரும் விசை கிட்டத்தட்ட அதே அளவுதான்.

நீலச் சுவிட்சில் இன்னொரு வேடிக்கை உண்டு. அழுத்தும்போது சுற்று மூடும் இடமும், விடும்போது சுற்று திறக்கும் இடமும் ஒன்றல்ல. திறக்கும் இடம் சற்று மேலே இருக்கிறது. காந்தவியலில் ‘தயக்கம்’ என்று ஒன்றைப் படிப்பீர்கள். போகும் வழி வேறு, வரும் வழி வேறு. இதுவும் அத்தகையதே. தமிழில் ‘அக்கா’, ‘அப்பா’, ‘பத்து’ என்று இரட்டிக்கும் எழுத்துகள் ஏராளம். தமிழ்99-இல் இவற்றுக்கு ஒரே பொத்தானை இருமுறை விரைந்து தட்ட வேண்டும். நீலத்தில் விரலைப் போதிய அளவு தூக்காவிட்டால் இரண்டாவது தட்டு பதியாது. ‘பத்து’ ‘பது’ ஆகிவிடும். நேர்க்கோட்டுச் சுவிட்சில் இத்தொல்லை குறைவு.

ஒரு பக்கம் தட்டினால் எவ்வளவு வேலை?

ஒரு நேர்க்கோட்டுச் சுவிட்சில் தொடக்க விசை 0.30 நியூட்டன், 2 மி.மீ.-இல் 0.45 நியூட்டன், அடியில் (4 மி.மீ.) 0.60 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ.-க்கு 0.15 நியூட்டன் கூடுகிறது. ஆகவே சுருள் மாறிலி = 0.15 ÷ 0.002 = மீட்டருக்கு 75 நியூட்டன்.

அடிவரை அழுத்தினால் சராசரி விசை 0.45 நியூட்டன், தூரம் 0.004 மீட்டர். வேலை = 0.45 × 0.004 = 0.0018 ஜூல். ஒரு பக்கத்துக்கு 2000 தட்டுகள் என்றால் மொத்தம் 3.6 ஜூல். ஒரு கிலோகிராம் சர்க்கரைப் பொட்டலத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் தூக்கும் வேலை இது. அவ்வளவுதான்!

பிறகு ஏன் பத்துப் பக்கம் தட்டினால் விரல் வலிக்கிறது? இரண்டு காரணங்கள். முதலாவது, இயற்பியலில் ‘வேலை’ நடக்கப் பொருள் நகர வேண்டும். ஆனால் உடலின் தசை, நகராமல் தாங்கி நின்றாலும் ஆற்றலைச் செலவழிக்கும். மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தட்டுபவருக்கு வலி பெரும்பாலும் அதனால் வருகிறது. இரண்டாவது, பாதி வழியில் எழுத்து பதிந்த பிறகும் விரல் நிற்காமல் அடிப்பலகையில் மோதுகிறது. மிகக் குறுகிய நேரத்தில் விரல் நிறுத்தப்படுவதால் அந்தக் கண விசை பெரிது. மோட்டார் வாகனம் சுவரில் மோதி நிற்பதற்கும், பிரேக் போட்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஆகவே நல்ல சுவிட்ச் வாங்கினால் மட்டும் போதாது. மெல்லத் தட்டும் பழக்கமும் வேண்டும். இப்பழக்கத்துக்குப் பழுப்பின் ‘தடுக்கல்’ உதவும். அது தெரிந்தவுடன் விரலைத் தளர்த்தப் பழகிக்கொள்ளலாம்.

துள்ளும் தகடு

இப்போது ‘பட்டம்’ வந்த கதைக்கு வருவோம். ஓர் எஃகுக் குண்டைச் சிமெண்டுத் தரையில் போடுங்கள். ஒரே முறை மோதி நின்றுவிடுமா? சிலமுறை துள்ளித்தான் நிற்கும். சுவிட்சின் உலோகத் தகடும் மற்றதைத் தொட்டவுடன் அப்படியே துள்ளும். தொடும், விலகும், மீண்டும் தொடும். கண்ணுக்குத் தெரியாத இத்துள்ளல் நல்ல சுவிட்சில் 5 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆனால் விசைப்பலகைக்குள் உள்ள நுண்கட்டுப்பாட்டுச் சில்லு விநாடிக்கு ஆயிரம் முறை கூடப் பொத்தான்களைப் பார்க்கக் கூடியது. அது ஒவ்வொரு துள்ளலையும் ஒரு தட்டாக எண்ணினால் ‘ட’ ஒன்று ‘டடட’ ஆகிவிடும். ஆகவே அதற்கு ஒரு கட்டளை எழுதியிருக்கிறார்கள்: “ஒரு முறை தொட்டதும் சில மில்லி விநாடிகள் கண்ணை மூடிக்கொள், துள்ளல் அடங்கியபின் பார்.”

இப்படிக் காத்திருப்பதால் வேகம் குறையாதா? கணக்குப் போடுங்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சு முதுநிலையின் வேகம் நிமிடத்துக்கு 45 சொல். ஒரு சொல்லுக்கு 5 தட்டுகள் என்றால் நிமிடத்துக்கு 225 தட்டுகள். இரண்டு தட்டுகளுக்கு இடைவெளி ஏறத்தாழ 267 மில்லி விநாடி. ஒரே விரலால் மிக விரைவாக விநாடிக்கு 7 முறை தட்டினாலும் இடைவெளி 140 மில்லி விநாடிக்கு மேல். இதில் 5 மில்லி விநாடி காத்திருப்பது ஒரு பொருட்டே அல்ல.

சுவிட்ச் பழசாகி, தொடுமுனையில் அழுக்கோ ஆக்சைடோ படிந்தால், தகடு தொட்ட பிறகும் மின்தொடர்பு விட்டுவிட்டு வரும். இந்த நடுக்கம் 20, 30 மில்லி விநாடி நீடித்தால், காத்திருக்கும் நேரத்தைத் தாண்டிவிடும். அப்போது ஒரு தட்டு இரண்டாகும். ஆங்கிலத்தில் தட்டுபவருக்கு எழுத்துப் பிழை வரும், பார்த்தவுடன் தெரியும். தமிழ்99-இல் தட்டுபவருக்கோ வேறொரு நல்ல சொல்லே வந்துவிடும். நம் மொழியில் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறுகிறது. அதனால் இப்பழுது நமக்கு மற்றவர்களைவிட அதிக ஆபத்தானது.

கடலூர்க் காற்று

இனி நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி. தேவனாம்பட்டினத்திலும் கடலூர் முதுநகரிலும் கடலோரம் உள்ள வீடுகளின் சன்னல் கம்பிகளைப் பாருங்கள். மிதிவண்டிச் சங்கிலியைப் பாருங்கள். உள்நாட்டில் உள்ளவற்றைவிட விரைவில் துருப்பிடிக்கும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகி, நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து காற்று உள்ளே வீசுகிறது. அலை உடைந்து தெறித்த நுண்ணிய உப்புத் துகள்களையும் அது சுமந்து வருகிறது. கரையிலிருந்து விலக விலக உப்பின் அளவு குறையும். சிதம்பரம் கடலைவிட்டுத் தள்ளி இருப்பதால் அங்கே இது குறைவு.

உப்பு மட்டும் கெடுதல் செய்வதில்லை. ஈரத்தோடு சேர்ந்தால்தான் கெடுதல். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சமையலறை உப்பு கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கசிவு சுவிட்சின் தொடுமுனையில் நடந்தால், அங்கே ஒரு சிறு மின்வேதிக் கலமே உருவாகி உலோகம் அரிக்கப்படும்.

இதற்காகத்தான் நல்ல சுவிட்சுகளின் தொடுமுனையில் தங்கம் வைக்கிறார்கள். அழகுக்காக அல்ல, தங்கம் ஆக்சிஜனோடும் உப்பு நீரோடும் எளிதில் வினைபுரியாது. தேவையான அளவும் மிகச் சிறிது.

நிறுவனங்கள் இத்தகைய சுவிட்ச் 5 கோடி, 10 கோடி தட்டுகள் தாங்கும் என்று சொல்கின்றன. ஒரே பொத்தானை நாளுக்கு 1000 முறை தட்டினாலும் 5 கோடி தட்டுக்கு 50,000 நாள், அதாவது 137 ஆண்டுகள்! ஆகவே சுவிட்ச் தேய்ந்து அழிவது அரிது. தூசும், உப்பீரமும், மேலே கவிழ்ந்த தேநீரும்தான் அதை அழிக்கின்றன. வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வையுங்கள். கடல் பார்த்த சன்னலோரம் வைக்காதீர்கள். துடைக்கும்போது இணைப்பைக் கழற்றிவிட்டு, உலர்ந்த துணியும் தூரிகையும் பயன்படுத்துங்கள். இந்த இரண்டு ரூபாய் யோசனை, தங்கத் தொடுமுனையைவிடப் பயன் தரும்.

104 பொத்தான், 21 கம்பி

முழு விசைப்பலகையில் 104 பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி தேவையா? வேண்டாம். 8 வரிசையும் 13 நிரலும் உள்ள ஒரு கட்டம் போடுங்கள்; 8 × 13 = 104 சந்திப்புகள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சுவிட்ச். கம்பிகள் 8 + 13 = 21 மட்டுமே. சில்லு வரிசைகளுக்கு ஒவ்வொன்றாக மின்னழுத்தம் கொடுத்து, எந்த நிரலில் அது வெளிவருகிறது என்று பார்க்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வரிசை 1-இல் முதல் நிரல், வரிசை 1-இல் இரண்டாம் நிரல், வரிசை 2-இல் முதல் நிரல் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும்? வரிசை 2-க்குக் கொடுத்த மின்சாரம் முதல் நிரலுக்குப் போய், அங்கிருந்து பின்வழியாக வரிசை 1-க்கு ஏறி, பிறகு இரண்டாம் நிரலில் வெளிவரும். சில்லு, ‘வரிசை 2, இரண்டாம் நிரல்’ பொத்தானும் அழுத்தப்பட்டதாக எண்ணிவிடும். யாரும் தொடாத நான்காவது பொத்தான், ஒரு செவ்வகத்தின் நான்காவது மூலை! இதைப் பேய்ப் பொத்தான் என்பார்கள்.

மருந்து என்ன? மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை ஒவ்வொரு சுவிட்சோடும் சேர்த்துவிட்டால் பின்வழி அடைபடும். மலிவான பலகைகளில் டையோடு இருப்பதில்லை. அவை மூன்றாவது பொத்தானைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தட்டச்சில் மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்துவது அரிது, இக்குறை தெரியாது. விளையாட்டில் ஓடிக்கொண்டே திரும்பிக்கொண்டே தாவ வேண்டியிருக்கும். அப்போது ஆட்டக்காரர் தாவாமல் நின்றுவிடுவார். ஆகவே விளையாட்டுக்கு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது நிறத்தை அல்ல; “எத்தனை பொத்தான்களை ஒன்றாக அழுத்தினாலும் பதியுமா?” என்பதை.

விளையாட்டும் மில்லி விநாடியும்

‘வேகச் சுவிட்ச்’ என்று வெள்ளி நிறத்தில் ஒன்று உண்டு. 2 மி.மீ.-க்குப் பதில் 1.2 மி.மீ.-இலேயே பதியும். வேறுபாடு 0.8 மி.மீ. விரல் விநாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்றால், மிச்சமாகும் நேரம் 0.0008 ÷ 0.2 = 0.004 விநாடி, அதாவது 4 மில்லி விநாடி. விநாடிக்கு 60 முறை படம் மாறும் திரையில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கிறது. மிச்சம் அதில் கால் பங்குதான்.

உங்கள் எதிர்வினை நேரம் எவ்வளவு? நண்பரிடம் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லி, சுழிக்கு அருகே விரல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் விட்டதும் பிடியுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் நேரம் 0.2 விநாடி, அதாவது 200 மில்லி விநாடி. 200-இல் 4 குறைவதற்குச் செலவு செய்வதா, பயிற்சியால் 200-ஐக் குறைப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தொடாமலேயே இயங்கும் சுவிட்சும் வந்துவிட்டது. 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர், மின்னோட்டம் பாயும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் குறுக்குத் திசையில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். இன்று சில விசைப்பலகைகளில் தண்டின் அடியில் ஒரு சிறு காந்தமும், கீழே ஒரு குறைகடத்தி உணரியும் இருக்கின்றன. காந்தம் நெருங்க நெருங்க மின்னழுத்தம் மாறுவதால், தண்டு எங்கே இருக்கிறது என்பதே தெரிந்துவிடும். எந்த ஆழத்தில் பதிய வேண்டும் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். தொடுமுனை இல்லாததால் துள்ளலும் இல்லை. உப்பு அரிக்க முனையும் இல்லை. விலை மட்டும் கூடுதல்.

செய்து பாருங்கள்

உங்கள் விசைப்பலகைக்கு எவ்வளவு விசை தேவை என்று வீட்டிலேயே அளக்கலாம். தேவையானவை: 10 ரூபாய் நாணயங்கள் பத்து, ஒரு சிறு தெர்மாகோல் துண்டு. ஒரு நாணயத்தின் நிறை ஏறத்தாழ 7.7 கிராம்.

நாணயத்தை நேரே பொத்தான்மேல் வைத்தால் பக்கத்துப் பொத்தான்களில் முட்டும். ஆகவே பொத்தானைவிடச் சிறிதாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகத் தெர்மாகோலை வெட்டிப் பொத்தான்மேல் வையுங்கள். அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். போடக் கூடாது; மெல்ல வைக்க வேண்டும். போட்டால் எடையோடு மோதலின் விசையும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். எத்தனையாவது நாணயத்தில் திரையில் எழுத்து தோன்றுகிறது என்று குறியுங்கள். 6 என்றால் 46 கிராம், சிவப்புச் சுவிட்சின் அளவு. 8 என்றால் 62 கிராம், நீலத்தின் அளவு. சுண்டுவிரலுக்குரிய பொத்தான், ஆள்காட்டி விரலுக்குரிய பொத்தான், இடைவெளிப் பொத்தான் மூன்றையும் அளந்து ஒப்பிடுங்கள்.

யாருக்கு எது?

சிதம்பரம் மேலவீதிப் பக்கம் உள்ள ஒரு பயிலகத்தில் தட்டச்சுப்பொறியில் பழகும் மாணவி, வீட்டில் கணிப்பொறியிலும் பழக வேண்டும். கனமான பொத்தானுக்குப் பழகிய விரல் அவருடையது. லேசான சிவப்பில் விரலை வைத்தாலே எழுத்து விழும், பிழை கூடும். அவருக்குப் பழுப்போ நீலமோ பொருந்தும். தமிழ்99-இல் தட்டுவதானால், இரட்டிப்பு எழுத்துகளுக்காகப் பழுப்பே மேல்.

அண்ணாமலைநகர் விடுதியில் நண்பர்களோடு தங்கியிருக்கும் மாணவருக்கு நீலம் ஆகாது. இரவு பதினொரு மணிக்குச் சலங்கை கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான். சிவப்போ பழுப்போ போதும்.

தேவனாம்பட்டினத்தில் கடலோரம் வீடு உள்ளவர், தொடுமுனை தங்கமா என்று கேட்க வேண்டும்; பழுதான சுவிட்சை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய பலகையா என்றும் கேட்க வேண்டும். ஒரு சுவிட்ச் கெட்டால் பலகையையே எறிய வேண்டியதில்லை.

வீட்டில் பணம் இல்லையா? கவலை வேண்டாம். இரப்பர்க் குமிழ்ப் பலகையிலேயே பழகலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதியில் தட்டச்சர் பணிக்குக் கேட்பது தட்டச்சுத் தேர்ச்சியை. விசைப்பலகையின் நிறத்தை அல்ல. பலகையைப் பார்க்காமல் பத்து விரலாலும் தட்டும் பயிற்சியை எந்தச் சுவிட்சும் தந்துவிடாது. வாங்குவதற்கு முன் கடையிலோ நண்பர் வீட்டிலோ ஐந்து நிமிடமாவது ‘அக்கா, அப்பா, பத்து, பட்டம்’ என்று தட்டிப் பாருங்கள். உங்கள் விரல் சொல்லும் விடையே சரியான விடை.

சிந்திக்க மூன்று வினாக்கள்

1. நிலவில் ஈர்ப்பு விசை புவியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. இங்கே 6 நாணயத்தில் பதியும் பொத்தானுக்கு அங்கே எத்தனை நாணயம் வேண்டும்?

2. 100 பொத்தான்களைக் கட்டமாக அமைக்க மிகக் குறைந்தது எத்தனை கம்பிகள் போதும்?

3. மேலே கணக்கிட்ட சுருள்வில்லே வேகச் சுவிட்சில் இருந்தால், 1.2 மி.மீ.-இல் விசை எவ்வளவு?

விடைகள்: 1. 36 நாணயம்; சுருள்வில் மாறாது, எடைதான் குறையும். 2. 20 (10 வரிசை, 10 நிரல்). 3. 0.30 + (75 × 0.0012) = 0.39 நியூட்டன்.